சுவருக்கு மேல் ஒரு முழம்

கோலா சாவாவில் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய தோட்ட லயம் இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் புதுச் சமூக மண்டபத்தில், திறப்பு விழாவுக்கு முந்தைய சோதனைக்காக, மதியம் இரண்டு மணிக்கு மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். கட்டடத்தை வரைந்த மாதவி, கைபேசியில் தெரியும் வெப்ப அளவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஏசியின் இரைச்சல் அடங்குகிறது. கூரையில் பதித்த சூரியத் தகடுகள் நிரப்பிவைத்த பேட்டரியில் மேல் சன்னல்கள் தாமாகவே திறந்துகொள்கின்றன. "முப்பதத் தாண்டுச்சின்னா செவுத்துக்கு மேல விட்ட சந்த அடைச்சிடணும்லா, ஏசி குளிரு அதுலதான் வீணாப் போவுது," என்கிறார் இன்ஜினியர் புனிதன். தான் பிறந்த லயத்து வீட்டில் இருந்ததைப் போலவே, உள்சுவர்களையெல்லாம் கூரைக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்தியிருக்கிறாள் மாதவி. செம்பனைக் காட்டிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளியில் புகுந்து அறை அறையாகப் போகிறது. இருபத்தெட்டு. அரை மணி நேரம் கழிந்தும் இருபத்தெட்டுதான். "சரி, இருக்கட்டும்," என்று புனிதன் தாளில் கையெழுத்திடுகிறார். அடுத்த அறையைக் கூட்டிக்கொண்டிருக்கும் பஞ்சாலையக்கா, லயத்தில் மாதவிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுக்கிறாள்: "மாதவி, சாப்டியாடி?" லயத்தை விட்டு மம்பா ஊருக்குக் குடிபோன இருபது வருஷத்தில் யாரும் அவளைச் சுவருக்கு அப்பாலிருந்து இப்படிக் கேட்டதில்லை. கதவுப் பக்கம் போகாமல், நின்ற இடத்திலேயே முகத்தை உயர்த்தி, "இன்னும் இல்லக்கா, ஒங்க வீட்ல என்னா கொழம்பு?" என்று கத்துகிறாள்.