இரு மடங்கு இதயம்

ஆபரேஷன் செய்ய வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். ஸ்கேனைப் பார்த்துப் பாப்பாவின் இதய மாதிரியை முப்பரிமாண அச்சில் வார்த்தவன் மட்டும் மேசையருகே நிற்கிறான். அதன் பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. தாய் அந்த மாதிரியை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறாள்; அதன் நடுச்சுவர் சல்லடையாய் மினுங்குகிறது. "எங்க பாப்பாவுக்கு இவ்ளோ பெரிய மனசாண்ணா?" என்று சிரிக்கப் பார்க்கிறாள். "இல்லம்மா, டாக்டருக்கு ஓட்டையெல்லாம் நல்லாத் தெரியணும்னு நான்தான் ரெண்டு மடங்கு பெருசாக்கி..." அவள் சுண்டுவிரலால் ஓர் ஓட்டையை அடைக்கிறாள். பக்கத்து ஓட்டையில் வெளிச்சம் வருகிறது. அதற்கும் ஒரு விரல் வைக்கிறாள். வெளிச்சம் வேறெங்கோ வருகிறது. இரண்டு கையும் போதவில்லை. "அண்ணா, உங்க விரலையும் கொஞ்சம் இங்க வைங்களேன்." அவன் வைக்கிறான்.