பிரிக்காத சால்மன்

"பேச்சு மட்டும் சர்க்கரை. ஒரு துண்டு மீனுக்கு மனசு வரல பாரு!"

பாத்திரம் விளக்கிக்கொண்டே நாகஜோதி பொருமினாள்.

பக்கத்து வீட்டு இர்பான் துபாயிலிருந்து ஒரு வார லீவில் வந்திருந்தான். காரிலிருந்து தெர்மாகோல் பெட்டி இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே சால்மன் மீன்.

கேட்டதே நாகஜோதிதான். வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்த மகள் துர்காதேவி, செல்போனில் சமையல் வீடியோ பார்த்துப் பார்த்து அந்த ஆரஞ்சு நிற மீன்மேல் ஆசைப்பட்டுவிட்டாள். மீன்கார ஜெயபாண்டி காலா மீனைக் காட்டி, "இதுவும் சால்மன்தான், வாங்கிட்டுப் போங்க" என்று அடித்துவிட்டான். துர்காதேவி ஏமாறவில்லை. கடைசியில் துபாய்க்குப் போன் போட்டதும் இர்பான், "பாப்பாவுக்கு இல்லாததா? கொண்டாரேன்க்கா" என்றான்.

"விடும்மா. ஊருல அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்பு கட்டியிருக்கு. பொங்கல் முடியிற வரைக்கும் யாரு வீட்டுலயும் மீனு, முட்டை அடுப்பேறாது. இப்பக் குடுத்தா மட்டும் திங்கவா போறோம்?" என்றாள் துர்காதேவி.

"பிரிட்ஜுல வச்சிருந்து திங்க மாட்டமா? அவுகளுக்கு ஏது காப்பு? பொங்கலுக்குள்ள அம்புட்டையும் தின்னு தீத்துருவாக."

"காப்பப் பத்தி நீ பேசாதம்மா. முந்தாநாளு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல முட்டை பப்ஸ் தின்னது யாரு?"

"ஏய், மெதுவாப் பேசு! டவுனுக்கெல்லாம் நம்மூரு காப்பு கிடையாது."

மறுநாள் தெருக்குழாயில் இர்பானின் மனைவி ஷஹீனாவைப் பார்த்ததும் நாகஜோதியின் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன ஷஹீனா, துபாய் மீனு ருசியா இருந்துச்சா?"

ஷஹீனா பதறிப்போனாள். "அய்யோ, அதெல்லாம் அப்புறம் பேசுவோம்க்கா." குடத்தைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாள்.

முழிக்கிற முழியே சொல்லிவிட்டது என்று நாகஜோதி முடிவு கட்டினாள். லீவு முடிந்து இர்பான், "போயிட்டு வாரேன்க்கா" என்று வாசலில் குரல் கொடுத்தபோது, உள்ளே இருந்துகொண்டே அவள் கதவைத் திறக்கவில்லை.

பொங்கல் முடிந்தது. முளைப்பாரி கரைத்து, காப்பு அவிழ்த்தாயிற்று. அடுத்த நாள் காலையில் ஷஹீனா வந்து நின்றாள். கையில் ஐஸாக இறுகிப்போன பெரிய பாக்கெட். ஓரம்கூடக் கிழியவில்லை.

"பாப்பாவுக்குச் செஞ்சு குடுங்கக்கா."

"அப்படியே முழுசா இருக்கு! நீங்க திங்கலையா? தம்பி?"

"அவுகளும் ஒரு வாய் திங்காமத்தான் பிளைட்டு ஏறுனாக. காப்பு அவுக்காம நம்ம வீட்டுல இருந்து மீன் வாடை வரக் கூடாது, அக்கா முன்னால மீன் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டாக."

நாகஜோதி நீட்டிய கை பாதியில் நின்றது. துர்காதேவி அம்மாவையே பார்த்தாள்.

பாக்கெட்டை நாகஜோதியின் கையில் வைத்துவிட்டு ஷஹீனா சொன்னாள்:

"பக்கத்து வீட்டுல நீங்க அம்புட்டு சுத்தபத்தமா இருக்கையில, எங்களுக்கு மட்டும் எப்படிக்கா தொண்டையில இறங்கும்?"