இரண்டு கியர் பொக்ஸ்

"ஊருக்குள்ள ஓடுற ஒரே பிக்கப்பையும் கழட்டிப் போட்டுட்டியேடா! உனக்கென்ன விசரா?"

கொக்கட்டிச்சோலையில், வினாயகமூர்த்தியின் வீட்டுக் கொட்டிலுக்கு முன்னால் நின்று சாமித்தம்பி கத்தினார். மகள் கண்ணகைக்கு இது ஒன்பதாம் மாதம். கத்தாமல் என்ன செய்வார்?

போன வருடம் ஆஸ்பத்திரிக்கென்று இதே பிக்கப்பில் மண்முனைத் துறைக்குப் போகிற வழியில்தான் அவளுடைய தலைப்பிள்ளை வயிற்றிலேயே போனது. "ஷெல் விழுந்த குழியெல்லாம் குதிக்க விட்டான், படுபாவி!" என்று தேநீர்க்கடை, கோயில், வயல்வட்டை என ஓரிடம் விடாமல் சொல்லி வந்தார் சாமித்தம்பி. மூர்த்தி மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச அவனுக்கு வாய் ஏது என்றது ஊர்.

இப்போதும் அவன் கை வேலையை நிறுத்தவில்லை. ரோட்டோரம் எரிந்து கிடந்த வேனில் கழற்றி வந்த கியர் பொக்ஸை, பிக்கப்பின் கியர் பொக்ஸுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கியர் பொக்ஸா? பறக்கப் போறியோ?"

"இல்ல மாமா. எஞ்சின் நிக்காம மெதுவா ஓட."

சாமித்தம்பி தலையில் அடித்துக்கொண்டார். மெதுவாக ஓடுவதற்கு ஒரு மாதம் மினக்கெடுகிறவனை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

பூட்டி முடிந்ததும் இன்னொரு கூத்து. முற்றத்தில் தென்னங்குற்றிகளைப் போட்டான். செம்பு நிறையத் தண்ணீரைப் பிக்கப்பின் பின்னால் வைத்துக் குற்றிகளின் மேல் ஏற்றி இறக்கினான். சிந்தினால் மறுபடி கழற்றினான். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு மழைநாள் காலையில் கண்ணகைக்கு வலி கண்டது. வேறு வழியில்லை. சாமித்தம்பி கறுவிக்கொண்டே மகளைப் பிக்கப்பின் பின்னால் பாயில் கிடத்தித் தானும் பக்கத்தில் குந்தினார்.

குழிகள் எல்லாம் வெள்ளத்துக்குள் மறைந்திருந்தன. மூர்த்தி இரண்டு கியரையும் போட்டான். எஞ்சின் உறுமியது. வண்டியோ நடக்கிற வேகம்கூட இல்லை. தெருநாய் ஒன்று முந்திக்கொண்டு போனது.

முதல் குழி. சாமித்தம்பி கண்ணை இறுக மூடினார்.

வண்டிச்சில்லு மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது. எஞ்சின் நிற்கவுமில்லை, வண்டி குதிக்கவுமில்லை.

இரண்டாம் குழி. பத்தாம் குழி. மகளின் வயிற்றில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. ஒரு குலுக்கல் இல்லை. இரும்புக்கு இவ்வளவு பொறுமையா? அவருக்குப் புல்லரித்தது.

மூன்று மைல் போக இரண்டு மணித்தியாலம். துறையைப் படகில் கடந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், மத்தியானத்துக்கு மேல் பேத்தி வீறிட்டு அழுதாள்.

பிள்ளையைப் பார்க்க வந்த மூர்த்தியின் கையைச் சாமித்தம்பி பிடித்துக்கொண்டார்.

"உன்னைக் கும்பிடணும் மனே! இப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்ல. போன வருசமும் இப்படி மெதுவாப் போயிருந்தியெண்டா..."

மூர்த்தி குனிந்து பிள்ளையைப் பார்த்தான்.

கட்டிலில் கிடந்த கண்ணகைதான் சொன்னாள்.

"அண்டைக்கும் அண்ணன் மெதுவாத்தான் போனவர், அப்பா. எஞ்சின் ரெண்டு தரம் நிண்டு போச்சு. 'விடுடா, வேகமா விடுடா' எண்டு அவர்ர தோளில அடிச்சுக் கத்தினது நீங்கதான். அந்தப் பதட்டத்தில அது உங்களுக்கு நினைவில்ல."

சாமித்தம்பியின் பிடி தளர்ந்தது.

"இதை நீ ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"அண்ணன்தான் விடல்ல. 'பேரப்பிள்ளையப் பறிகுடுத்த மனிசன், இதையும் தாங்கமாட்டார். பழி என்னோட கிடக்கட்டும்' எண்டவர்."