மூச்சு விடலாமா?

பெண் பார்க்க வந்த லூர்துராஜ், காப்பித் தட்டோடு நடுங்கி நின்ற ஜெசிந்தாவிடம் மெல்லச் சொன்னான்: "டீப் பிரெத் எடுங்க... ஹோல்ட்... ம், ரிலாக்ஸ்."

ருஷ்ய நாவல்களிலேயே குடியிருக்கும் ஜெசிந்தா, அந்தக் குரலில் கரைந்துபோனாள்.

"கவர்மெண்ட் உத்தியோகம்மா. ஞாயித்துக்கிழமை பதில் சொல்லணும்," என்றார் அப்பா.

"பிரெத்னா வெறும் மூச்சுதான்க்கா," என்று சீண்டினாள் தங்கை செலின்.

"போடி! நாவல்ல அதுக்குக் காதல்னு அர்த்தம்."

வெள்ளிக்கிழமை, புதிதாகக் கிடைத்த டீச்சர் வேலைக்கு மருத்துவச் சான்று வாங்க, தாம்பரம் அரசு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே வரிசையில் அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

உள்ளேயிருந்து அதே குழைவான குரல். "டீப் பிரெத் எடுங்க... ஹோல்ட்... ம், ரிலாக்ஸ்."

வெளியே வந்தவர் பொக்கைவாய்ப் பெரியவர்.

"அக்கா, இவரையும் காதலிக்கிறாரு!" என்றாள் செலின்.

ஜெசிந்தாவுக்கு அழுகை முட்டியது. "அப்பாகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

அவள் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்த லூர்துராஜ் திணறினான். "டீப் பிரெத்... ஹோல்ட்..."

இழுத்த மூச்சோடு ஜெசிந்தா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ரிலாக்ஸ் வரவேயில்லை.

"மாமா, அக்காவை மூச்சு விடச் சொல்லுங்க!" என்று கதவருகிலிருந்து கத்தினாள் செலின்.

பாவம், அவனும் அப்போதுதான் மூச்சு விட்டான்.

ஞாயிற்றுக்கிழமைவரை ஜெசிந்தா பொறுக்கவில்லை; அன்றைக்கே அப்பாவிடம் சம்மதம் சொல்லிவிட்டாள்.