பதினோராவது பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்தது. பதினோராவதில்தான் இடித்தது. எங்கள் வீட்டு மின்புத்தகங்கள் எல்லாம் நீலம் கம்பெனியுடையவை. பையன் வீட்டில் தாரகை. ஒரு வீட்டில் ஒரு கம்பெனிப் புத்தகம்தான் திறக்கும். கல்யாணமானால் என் புத்தகங்களை, செத்துப்போன அப்பா அவற்றின் ஓரத்தில் எழுதிவைத்த சண்டைகளோடு சேர்த்து, இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபியை நீட்டும்போதே கேட்டுவிட்டேன். "எல்லா வீட்டுலயும் திறக்கிற மாதிரி செஞ்சா என்ன?"

பையன் இளம்பரிதிக்குத் தாரகையில்தான் வேலை. சிரித்தான். "செய்யலாங்க, ரொம்பச் சுலபம். அப்புறம் யாரு எங்ககிட்டயே இருப்பாங்க?"

அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. காலித் தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டேன். அவன் அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். சமைக்கத் தெரியுமா என்று கேட்கப்போகிறார் என நினைத்து முறைத்தேன்.

"நானும் நீலத்து வீட்டுப் பொண்ணுதாம்மா," என்றார் ரகசியமாக. "கல்யாணத்தப்போ ஒரு கதையைப் பாதியில விட்டுட்டு வந்தேன். படகுல போன சுந்தரவல்லி திரும்பி வந்தாளா? இவனுக்கே கல்யாண வயசு ஆச்சு, இன்னும் மண்டையைக் குடையுது."

தேடித் திறந்து கையில் கொடுத்தேன். நின்றபடியே படிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, கிளம்பலாமா?" கூடத்திலிருந்து இளம்பரிதி கூப்பிட்டான்.

அவர் தலை நிமிரவில்லை. கை மட்டும் பின்னால் போய்த் தாழ்ப்பாளைப் போட்டது.