ஏழாம் எண் கூடை

மலாயாவின் ரெம்பியா ஊரில் நடந்த கைவேலைக் கண்காட்சியில் இருந்த கூடைகளில் எண் மட்டும்தான் எழுதியிருந்தது. முதல் பரிசு பெறுபவரின் பெயரையும் அவர் வேலை செய்யும் தோட்டத்தையும் மட்டும் மேடையில் உரக்க வாசிப்பார்கள்.

பெம்பானிலிருந்து மகன் நல்லமுத்துவோடு வந்திருந்த நடுவர் காளிமுத்து கங்காணி, ஏழாம் எண் பிரம்புக் கூடையை வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“இதுக்குத்தானே முதல் பரிசு?” என்றார் கண்காட்சியை நடத்திய கடைக்காரர் கைருதீன். “தண்ணி ஊத்தினாலும் ஒழுகாது போல இருக்கே.”

“விளிம்பு சரியில்ல ராவுத்தரே. மூணாம் நம்பருக்குக் குடுங்க.”

“அது உங்க மச்சான் வீட்டுக் கூடையா கங்காணி?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

கைருதீனுக்கு மனசு ஆறவில்லை. “நம்ம ஜனங்க கைவேலைய நாமளே மதிக்கலன்னா எப்படிங்க? பின்னினவ எவ்வளவு ஆசையா அனுப்பியிருப்பா.”

கங்காணி கூடையை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். ஆனாலும் மூன்றாம் எண்ணுக்கே பரிசைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஏழாம் எண் கூடையை விலைக்கு வாங்கிக்கொண்டு மகனோடு பஸ் ஏறினார்.

வழியில் நல்லமுத்து கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது இடதுகைப் பின்னல்ப்பா. அந்தப் பயலோட ஓடிப்போனாளே என் தங்கச்சி இருசம்மா, அவளும் இப்படித்தான் பின்னுவா.” அவன் முகம் கறுத்தது. “எந்தத் தோட்டத்துல இருக்கான்னு மட்டும் தெரியட்டும். ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுட்டுத்தான் மறுவேலை.”

“இது யாரோ மலாய்க்காரம்மா பின்னினதுடா” என்ற கங்காணி, கூடையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.