பனிக்கு அடியில் ஒரு ரயில்

"அம்மணி, காலையிலேர்ந்து நானூத்திப் பன்னெண்டு மடல். அதுல முந்நூறு அந்த ரயிலைப் பத்தி. இன்னைக்காவது மூடுவீங்களா, மாட்டீங்களா?"

கென்டக்கியிலிருந்து வெண்டல் தொலைபேசியில் கேட்டபோது, டுலூத் பள்ளி நூலகத்தில் ஆர்டித் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி அக்கரை தெரியாமல் உறைந்து கிடந்தது.

"இன்னும் ஒரே ஒரு நாள், வெண்டல்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

1997 பிப்ரவரி அது. இருவரும் ஆறு வருஷமாக ஒரு மின்னஞ்சல் குழுவை நடத்தி வந்தார்கள். நாடு முழுக்கப் பதினோராயிரம் பள்ளி நூலகர்கள். ஒருவர் எழுதினால் அத்தனை பேருடைய பெட்டியிலும் போய் விழும். அதனால் கட்டுப்பாடு கண்டிப்பானது. எந்தப் பேச்சும் மூன்று நாளுக்கு மேல் ஓடக் கூடாது. அந்த விதியை எழுதியவள் ஆர்டித். நூலகத்தில் பூனை வளர்க்கலாமா என்று போன வருஷம் மூண்ட சண்டையை இரண்டாம் நாளே கத்தரித்தவள்.

இந்தப் பேச்சுக்கு இன்று ஒன்பதாம் நாள்.

ஆரம்பித்து வைத்தவள் ஓரிகனில் மார்சி என்ற நூலகர். அவள் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் புத்தகம் அடுக்கிக் கொடுக்க வரும் ஒரு பெண்மணி, நாற்பதைத் தாண்டியவள், மிகச் சின்ன வயதில் யாரோ வாசிக்கக் கேட்ட ஒரு புத்தகத்தைத் தேடுகிறாளாம். தலைப்பு தெரியாது, எழுதியவர் பெயர் தெரியாது. உறைந்த ஏரிக்கு அடியில் ஒரு ரயில் ஓடும். அதில் ஏறச் சீட்டு வேண்டாம், சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தால் போதும். யாருக்காவது தெரியுமா?

எல்லோருக்குமே தெரிந்த மாதிரிதான் இருந்தது. வாழ்நாளில் பனியையே பார்த்திராத டெக்ஸாஸ்காரர் ஒருவர், ரயிலின் விளக்குகள் பச்சை என்று சத்தியம் செய்தார். மெய்னில் ஒருத்தி அட்டைப்படத்தைக் கனவில் பார்த்துவிட்டு விடிந்ததும் எழுதினாள். வேறொருவருக்கு அது ரயிலே அல்ல, கப்பல். எல்லாவற்றையும் மார்சி அந்தப் பெண்மணியிடம் படித்துக் காட்டிவிட்டு எழுதுவாள். இல்லையாம், விளக்கே கிடையாதாம், மீன்கள் கூடவே நீந்தி வருமாம், அந்த வெளிச்சம்தானாம். இல்லையாம், பொத்தானை வாங்குவது மனிதர் இல்லையாம், ஒரு நாரையாம். இறங்கும்போது எல்லோருடைய கோட்டும் திறந்து கிடந்து காற்றில் படபடக்குமாம்.

இந்த ஒன்பது நாளும் பள்ளியில் மணி அடித்தது, வகுப்புகள் வந்து போயின. புத்தகங்களில் ஆர்டித் குத்திய முத்திரைகளில் தேதி தப்பாக விழுந்தது. ஏரியைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்பாள். அந்தப் பனிக்கு அடியில் ஏதோ மெல்ல நகர்ந்து போவது போலிருக்கும். பிறகு திரும்பி வந்து அடுத்த மடலைத் திறப்பாள்.

இப்போது வெண்டலுக்குப் பொறுமை போய்விட்டது. அறுநூறு பேர் குழுவை விட்டு விலகிவிட்டார்கள். குழு ஓடத் தன் கணினியை இரவலாகக் கொடுத்திருந்த பல்கலைக்கழகம், இன்று மாலைக்குள் மடல்கள் குறையாவிட்டால் குழுவையே நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தது. அதை அவர் தொலைபேசியில் முழுசாக வாசித்துக் காட்டினார்.

"ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு நூலகர். தொழிலைப் பத்திப் பேச அந்த ஊர்ல வேற ஆள் கிடையாது. அவங்களுக்கு இருக்கறது இந்தக் குழு ஒண்ணுதான். படப்புத்தகம் ஒண்ணுக்காக அதைத் தூக்கிக் குடுத்துடப் போறீங்களா?"

"ஒவ்வொருத்தர் தப்பாச் சொல்லும்போதும் அந்தம்மாவுக்குப் புதுசா ஒண்ணு ஞாபகம் வருது, வெண்டல்."

"வரட்டுமே. உங்களுக்கு என்ன வந்துது?"

திரையில் மார்சியின் புது மடல் வந்து நின்றது. ஆர்டித் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதைத் திறந்தாள். இரண்டே வரி. ஒருமுறை மனதுக்குள் படித்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"'நாரையோட பேரு ஞாபகம் வந்துடுச்சாம். மிஸஸ் க்ரோகன். புத்தகத்துல கடைசிப் பக்கம் இல்லையாம், ரயில் ஒரு வளைவுல திரும்பறதோட நின்னுடுதாம்.'"

வெண்டல் சிரித்துவிட்டார். எந்த எழுத்தாளன் ஒரு நாரைக்கு அப்படிப் பெயர் வைப்பான் என்று கேட்டார். தான் மூன்று பெரிய நூலகங்களின் பட்டியலைப் புரட்டிவிட்டதாகவும், பதினோராயிரம் பேர் தேடியும் கிடைக்காத புத்தகம் உலகத்தில் இருக்க முடியாது என்றும் சொன்னார்.

"இல்லதான். அது எனக்கு முதல் நாளே தெரியும். இப்ப மூடிடலாம்."

"தெரிஞ்சுக்கிட்டேவா ஒன்பது நாள் ஓட விட்டீங்க?"

"கதை தெரியும். கேக்கறது யாருன்னு நிச்சயமாத் தெரியலை." அவள் மார்சிக்குப் பதில் எழுத ஒரு புது மடலைத் திறந்தாள். "மிஸஸ் க்ரோகன் எங்க அநாதை இல்லத்து வார்டன். அவங்களை நாரையாக்கி என் தங்கச்சிக்கு நானே கட்டின கதை அது, வெண்டல். மீதியை நாளைக்குச் சொல்றேன்னு தூங்க வெச்சேன். விடிஞ்சதும் ஒரு குடும்பம் வந்து அவளைத் தத்தெடுத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு."